கணவர் கையெழுத்து

டென்வர், கொலராடோ
12 மார்ச் 1967

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணாவுக்கு டோரதி எழுதுவது.

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உங்கள் தங்கை சட்டசபையில் பேசினாள்! நம் மேலப்புதூர் வீட்டில் விருந்தாளி வந்தால் அடுப்படியில் ஒளிந்துகொள்ளும் அதே டோரதிதான்.

இந்த மாகாணத்தில் கருக்கலைப்புக்கு ஒரு புதுச் சட்டம் கொண்டுவருகிறார்கள். இதுவரை தாய்க்கு உயிர் போகிற நிலை போல ஏதாவது இருந்தால்தான் டாக்டர்கள் கை வைக்கலாம். இனிமேல் அவள் உடலுக்கோ மனதுக்கோ பெரிய கெடுதல் வரும் என்றாலும், பலாத்காரத்தால் உண்டான கரு என்றாலும், ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் கூடி ஒப்புக்கொண்டால் செய்யலாமாம். எங்கள் கோவில் பங்கு மாதர் சங்கத்தார் கொதித்துப் போயிருக்கிறார்கள். சட்டம் வருவதற்கு முன் பொதுமக்கள் போய்க் கமிட்டி முன் பேசலாம் என்பது இங்கே வழக்கம். பிரசவ வார்டு நர்ஸ், கத்தோலிக்கப் பெண், அதுவும் இந்தியாவிலிருந்து வந்தவள் என்று என்னைப் பிடித்துவிட்டார்கள்.

வெளியே முழங்கால் வரை பனி. பட்டுப்புடவைக்கு மேல் ஓவர்கோட் மாட்டிக்கொண்டு போய் நின்றேன், கோமாளி மாதிரி. ஆளுக்கு மூன்று நிமிஷம். எனக்கு முன்னால் ஒரு கிழட்டு டாக்டர் பேசினார். கண்டவர்களிடம் போய்க் கலைத்துக்கொண்டு, சீழ் பிடித்து, காய்ச்சலோடு வரும் பெண்களை முப்பது வருஷமாகப் பார்க்கிறாராம். அவர் பேசும்போது யாரும் அழவில்லை.

நான் அண்ணியைப் பற்றிப் பேசினேன். அக்னஸ் என்று ஒரு பெண், இரண்டு ஆண் பிள்ளைகளுக்குத் தாய், இருதயத்தில் வால்வு கெட்டுப்போனவள். மூன்றாவது பிரசவம் அவளைக் கொன்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். வயிற்றில் இருப்பதைக் கலைக்கலாம் என்றபோது அவள் மாட்டேன் என்றாள். பெண் குழந்தையைப் பெற்று வைத்துவிட்டு இரண்டாம் நாள் கண்ணை மூடினாள். அவள் கல்லறையில் "பிள்ளைக்காகத் தன் உயிரை மனமுவந்து தந்தவள்" என்று என் அண்ணன் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குழந்தைக்கு இப்போது எட்டு வயது, பெயர் இருதயமேரி. இவ்வளவுதான் சொன்னேன் அண்ணா. ஹாலே அழுதது. கமிட்டியில் உட்கார்ந்திருந்த ஒருவர் மூக்கைச் சிந்தியதை என் கண்ணால் பார்த்தேன்.

பேப்பரில் வந்ததை வெட்டி அனுப்பியிருக்கிறேன். பெயரை "அக்னஸ்" என்று சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள், என் பெயரில்தான் தப்பு. அண்ணியின் போட்டோ ஒன்று வேண்டும் என்று கேட்கிறார்கள். கல்யாணப் போட்டோ வேண்டாம், அதில் முறைத்துக்கொண்டிருப்பாள். அனுப்புங்கள்.

சகாயநாதனும் இன்னாசிராஜும் படிக்கிறார்களா? இருதயமேரி கோவிலில் புதுநன்மை வாங்குவது எப்போது? வெள்ளைக் கவுனுக்குத் துணி அனுப்புகிறேன்.

உங்கள் தங்கை,
டோரதி

மேலப்புதூர், திருச்சி
4 ஏப்ரல் 1967

டோரதிக்கு,

உன் கடிதமும் பேப்பர் துண்டும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். தேர்தல் முடிந்து ஆட்சியே மாறிவிட்டது, உனக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடச் சுவரில் எழுதியதை இன்னும் யாரும் அழிக்கவில்லை. பையன்கள் படிக்கிறார்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

போட்டோ இல்லை.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் என் மனைவி. நீ பேசிய ஊரில் அவளை ஒருவருக்கும் தெரியாது. தெரியாதவர்கள் அழுவதில் என்ன இருக்கிறது? இங்கேயும் தில்லியில் ஏதோ கமிட்டி போட்டு, கருக்கலைப்பைத் தளர்த்தலாம் என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்களாம். அதை எதிர்த்து மனு எழுதும் வேலையைச் கோவில் சபைக் காரியதரிசி என்ற முறையில் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். "உங்க வீட்டுக்காரம்மா கதையையே எழுதுங்க சார், அதுக்கு மேல என்ன வேணும்?" என்கிறார்கள். நான் எழுதவில்லை. சட்டப் பிரிவுகளைத்தான் எழுதினேன்.

அக்னஸை விட்டுவிடு. இனி அவளைப் பற்றி எங்கேயும் பேசாதே.

துணி அனுப்ப வேண்டாம். இங்கேயே கிடைக்கும்.

சவரிநாதன்

டென்வர்
2 மே 1967

அண்ணாவுக்கு,

போட்டோ இல்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். பீரோவில் மேல் தட்டில், நீலத் துணியில் சுற்றி நாலு போட்டோ இருக்கிறது. நான்தான் சுற்றி வைத்தேன்.

போன வாரம் கவர்னர் கையெழுத்துப் போட்டுச் சட்டம் வந்துவிட்டது. இந்த நாட்டிலேயே முதலில் எங்கள் மாகாணம்தான் இப்படித் தளர்த்தியது என்று பெருமைப்படுகிறவர்களும் உண்டு, தலையில் அடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. நாங்கள் தோற்றுவிட்டோம். நீங்கள் சந்தோஷப்படலாம், அண்ணி சும்மா போய்ச் சும்மா திரும்பிவிட்டாள்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. நல்லதாக ஒரு வார்த்தை அவளைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு ஏன் சுள்ளென்று வருகிறது? அடக்கத்தின்போது நான் மெட்ராஸிலிருந்து ராத்திரி ரயிலில் வந்து இறங்கினேன். குழிமேட்டில் நின்றுகொண்டு நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள், "அவ கேட்டு வாங்கிக்கிட்ட சாவும்மா" என்று. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் பிரசவ வார்டில் நிற்கிறேன். அவளைக் கல்லறையில் பூட்டிச் சாவியை நீங்களே இடுப்பில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். நான் இனி எழுதவில்லை.

டோரதி

டென்வர்
20 ஆகஸ்ட் 1968

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு வருஷத்துக்கு மேல் வீம்பாக இருந்தாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு நீங்களும் கார்டு போடவில்லை, நானும் போடவில்லை. அம்மா இருந்திருந்தால் இரண்டு பேர் காதையும் திருகியிருப்பாள். நான்தான் சின்னவள், நானே விட்டுக்கொடுக்கிறேன்.

நவம்பர் ஐந்தாம் தேதி இங்கே தேர்தல். ஜனாதிபதிக்கும் அன்றுதான், மாகாணச் சட்டசபைக்கும் அன்றுதான். எங்கள் வட்டாரத்துச் சட்டசபை உறுப்பினர் போன வருஷம் அந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டவர். அவரை எதிர்த்து ஒருவர் நிற்கிறார், எங்கள் பங்குக்காரர், பல் டாக்டர், நல்ல மனிதர். அவர் அச்சடித்த நோட்டீஸில் பாதிப் பக்கம் நான் கமிட்டியில் பேசியதுதான். "இந்தியத் தாய் அக்னஸ்" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். வீடு வீடாகக் கொடுக்கிறார்கள்.

கோபிக்காதீர்கள். உங்களைக் கேட்காமல் ஒன்றும் செய்யக்கூடாது என்று இந்தத் தடவை கேட்கிறேன். இருதயமேரி தன் கைப்பட நாலு வரி எழுதித் தரவேண்டும், என் அம்மா எனக்காக உயிரைத் தந்தாள் என்று. அக்டோபரில் ஒரு பெரிய கூட்டத்தில் அதை வாசிக்க ஆசைப்படுகிறார்கள். குழந்தைக்குப் புரியும்படி ஒரு சீட்டு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவளிடம் கொடுங்கள். உங்களுக்குச் சம்மதமென்றால் மட்டும்.

டோரதி

மேலப்புதூர்
9 செப்டம்பர் 1968

டோரதிக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். கவரை இருதயமேரி பிரித்துவிட்டாள், அத்தை ஸ்டாம்ப் அவளுக்கு வேண்டும். நான் வீடு வரும்போது மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். நாலு வரி கேட்டாய், ஒரு பக்கம் எழுதியிருந்தாள். "என் அம்மாவுக்கு நான்தான் வேண்டும் என்று இருந்தது. அதனால் அம்மா செத்துப்போனாள்" என்று ஆரம்பம். "சரியா இருக்காப்பா? அத்தைக்குப் பிடிக்குமா?" என்று கேட்டாள். இந்தக் குழந்தை இத்தனை வருஷமாக இதைத்தான் தலைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பக்கத்தை அனுப்பவில்லை. இதை அனுப்புகிறேன்.

அக்னஸ் மாட்டேன் என்று சொல்லவில்லை. நான்தான் மாட்டேன் என்றேன்.

1958 ஏப்ரலில் அவளை உறையூரில் கோமளவல்லி டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் மாதம். டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, இந்தப் பிரசவத்தை இவள் தாங்கமாட்டாள், இப்போதே கலைத்துவிட்டால் பிழைப்பாள், உயிரைக் காப்பாற்றச் செய்வதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது என்றார். ஒரு தாளை டைப் அடித்துக் கொடுத்தார். கீழே "கணவர் கையெழுத்து" என்று போட்டு ஒரு கோடு இருந்தது. "யோசிச்சுப் போட்டுண்டு வாங்கோ, ஆனா ஒரு வாரத்துக்குள்ள" என்றார்.

டவுன் பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்னஸ் கேட்டாள், "போட்டுருங்க" என்று. நான் சாமியாரைக் கேட்க வேண்டும் என்றேன். மறுநாள் சாயங்காலம் கோவிலுக்குப் போனேன். பின் வரிசையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சாமியார் தங்கும் அறை வீட்டில் விளக்கு எரிந்தது, அவர் உள்ளேதான் இருந்தார். நான் போய்க் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, "சாமியார் கூடாதுன்னுட்டாரு" என்று அவளிடம் சொன்னேன். கேட்டிருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார், அது வேறு விஷயம். நான் கேட்கவில்லை. கேட்டால், சபை செகரட்டரி சவரிநாதன் இப்படி ஒன்றைக் கேட்டு வந்தான் என்று ஆகிவிடும் அல்லவா? அந்த வருஷம்தான் பள்ளியில் தலைமை ஆசிரியர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது.

இரண்டாம் தடவை அடுப்படியில் வைத்துக் கேட்டாள். பருப்புக் கடைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். "ரெண்டு பசங்களுக்கு நான் வேணுங்க. எனக்கும் நான் வேணுங்க." இந்தக் கடைசி வார்த்தை எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. ஒரு தாய் பேசுகிற பேச்சா என்று சத்தம் போட்டேன். அந்தத் தாளை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன். இன்னும் அதில்தான் இருக்கிறது.

மூன்றாம் தடவை கேட்டது ஆறாம் மாதம். அப்போது கேட்டும் பயனில்லை என்று அவளுக்கே தெரியும். "அந்தப் பேப்பரை என்ன செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். அவளைக் கொல்ல நான் நினைக்கவில்லை. முதல் இரண்டிலும் பிழைத்து வந்தாளே, இதுவும் அப்படித்தான் என்று இருந்தேன். டாக்டர்கள் பயமுறுத்துவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழிமேட்டில் உன் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது அந்தப் பொய். மறுநாள் பங்கு முழுக்க அதையே சொன்னது. சொல்லச் சொல்ல எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு கல்லில் எழுதினேன். பத்து வருஷமாக இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டுச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்குகிறேன்.

இருதயமேரி இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன். அவள் பிறந்தது தப்பு என்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். ஆனால் அக்னஸிடம் நான் செய்தது தப்பு. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி உன் இஷ்டம்.

சவரிநாதன்

டென்வர்
24 செப்டம்பர் 1968

அண்ணாவுக்கு,

அண்ணா என்று எழுதக் கை வரவில்லை, பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை வார்டில் வைத்துப் பிரித்தேன். இரண்டு நாள் லீவு போட்டேன். எவ்வளவு லேசாகச் சொன்னீர்கள் அன்றைக்கு, "கேட்டு வாங்கிக்கிட்ட சாவு". அவள் கேட்டது உயிரை. மூன்று தடவை கேட்டாள். நீங்கள் அவளைக் கொன்றது போதாதென்று அவள் வாயில் உங்கள் வார்த்தையையும் போட்டீர்கள். அதை நான் வாங்கிக்கொண்டு வந்து இந்த ஊர் முழுக்க விற்றேன்.

என்னையும் திட்டிக்கொள்கிறேன், கவலைப்படாதீர்கள். அந்த வருஷம் மே மாதம் அண்ணி எனக்கு மெட்ராஸுக்கு ஒரு கார்டு போட்டாள். "லீவு கிடைத்தால் ஒரு தரம் வந்துவிட்டுப் போ டோரதி, உன் அண்ணனிடம் ஒன்று பேசவேண்டும், நீ சொன்னால் கேட்பார்" என்று. எனக்குப் பரீட்சை. முடிந்ததும் வருகிறேன் என்று பதில் போட்டேன். பரீட்சை முடிந்து, தோழிகளோடு மகாபலிபுரம் போய்விட்டேன். எதற்காகக் கூப்பிட்டாள் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? அந்தக் கார்டு இப்போதும் என் பெட்டியில் இருக்கிறது.

இன்னொன்று கேளுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தப் புதுச் சட்டத்தின் நகலை வாங்கி வரிவரியாகப் படித்தேன். அதை எதிர்த்து அழுதேனே தவிர முழுதாகப் படித்தது இப்போதுதான். மூன்று டாக்டர்கள் ஒப்ப வேண்டும், பெண் கேட்க வேண்டும். அதோடு, கல்யாணமானவள் புருஷனோடு இருந்தால் புருஷனும் சேர்ந்து கேட்க வேண்டும். அண்ணா, அண்ணியை இந்த ஊரில் இந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தாலும் உங்கள் கையெழுத்துத்தான் வேண்டியிருந்திருக்கும். எதிர்த்த நாங்களும் இதைப் பற்றிப் பேசவில்லை, கொண்டுவந்தவர்களும் பேசவில்லை.

பல் டாக்டரிடம் போனேன். நான் சொன்னது உண்மையில்லை, நோட்டீஸை நிறுத்துங்கள் என்றேன். பாவம், அவர் பொல்லாதவர் இல்லை. "நீங்கள் கமிட்டி முன்னால் சொன்னது பதிவாகியிருக்கிறது. இப்போது மாற்றிச் சொன்னால் யாரோ உங்களை மிரட்டினார்கள் என்பார்கள். உங்களிடம் ஆதாரம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். பேப்பர்க்காரர்களும் அதையேதான் கேட்டார்கள்.

எனக்குச் சட்டம் வேண்டும், வேண்டாம் என்று இப்போது ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. வயிற்றில் இருப்பதும் உயிர்தான் என்று நேற்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் அண்ணி சொல்லாததைச் சொன்னதாக ஒருவரும் ஓட்டுக் கேட்கக் கூடாது. உங்கள் கைப்பட, இங்கிலீஷில், கையெழுத்துப் போட்டு எழுதி அனுப்புங்கள். அந்தத் தாளையும் அனுப்புங்கள். அக்டோபர் இருபதுக்குள் எனக்கு வந்தாக வேண்டும். அன்றைக்குப் போடாத கையெழுத்தை இன்றைக்காவது போடுங்கள்.

டோரதி

மேலப்புதூர்
12 அக்டோபர் 1968

டோரதிக்கு,

தாமதமாகிவிட்டது. இருபதாம் தேதிக்குள் வந்து சேருமோ என்னவோ. ஐந்து நாள் நான் எழுதி எழுதிக் கிழித்ததில் போயிற்று. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

என் வார்த்தை ஒன்றை மட்டும் நம்புவார்களா என்று யோசித்து, ஸ்ரீரங்கம் போனேன். டாக்டரம்மா தொழிலை விட்டு அங்கேதான் உத்தர வீதியில் இருக்கிறார். பாலம் தாண்டும்போது காவிரியில் தண்ணீர் இரு கரையும் போய்க்கொண்டிருந்தது, திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தேன். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

டாக்டரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்கோ. நீங்க ஒருநாள் வருவேள்னு நெனச்சிண்டே இருந்தேன்" என்றார். நான் சொல்ல வந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். பிறகு கேட்டார், "அந்தத் தாள்ல ஆம்படையான் கையெழுத்து ஏன் கேட்டேன் தெரியுமோ?"

சட்டம் என்றேன்.

"சட்டத்துல அப்படி ஒரு வரியே கிடையாது. பொம்மனாட்டி உசிரைக் காப்பாத்த நல்லெண்ணத்தோட செய்யலாம், அவ்வளவுதான். ஆம்படையான் கையெழுத்து வழக்கத்துல வந்தது. பின்னால யாராவது வந்து சண்டை போட்டா எனக்கு ஒரு காயிதம் இருக்கட்டுமேன்னு நானாத்தான் கேட்டேன். அந்தப் பொண்ணு மறுவாரம் தனியா வந்தா. உங்களுக்குத் தெரியாது. 'என் கையெழுத்து போதாதாம்மா?'ன்னு கேட்டா. போதாதுன்னேன். பெருமாள் விட்ட வழின்னு சொல்லிண்டு நான் தப்பிச்சுக்க முடியாது."

அவள் தனியாகப் போனது எனக்கு இன்றுவரை தெரியாது. கணக்கில் நாலாவது தடவை. பஸ்ஸில் போனாளா, நடந்தே போனாளா, பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போனாள், ஒன்றும் தெரியாது.

டாக்டரம்மா தன் பழைய குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதோடு என் கடிதமும், ஜெபப் புத்தகத்தில் இருந்த தாளும் இந்தக் கவரில் இருக்கின்றன. தாளில் கோட்டுக்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. எழுதலாமா என்று பேனாவை எடுத்தேன், அது இன்னொரு பொய்யாகிவிடும் என்று வைத்துவிட்டேன்.

நீ கேட்காத ஒன்று. நீலத் துணியில் இருந்த போட்டோக்களில் ஒன்றையும் வைத்திருக்கிறேன். அச்சடிக்க அல்ல, உனக்கு.

சவரிநாதன்

டென்வர்
8 நவம்பர் 1968

அண்ணா,

உங்கள் கவர் இருபத்தைந்தாம் தேதி வந்தது. அன்றைக்கே பேப்பர் ஆபீஸுக்கு ஓடினேன். தமிழில் டாக்டரம்மா எழுதியதை யார் மொழிபெயர்ப்பது, உண்மையா என்று யார் சொல்வது என்று இழுத்தார்கள். தேர்தல் சமயத்தில் ஒரு பக்கம் சாய்ந்ததாக ஆகிவிடும் என்றார்கள். கடைசியில் போட்டார்கள், ஆறாம் தேதி. ஓட்டுப் போட்டு முடிந்த மறுநாள். பன்னிரண்டாம் பக்கத்தில், பனிக்கால டயர் விளம்பரத்துக்குக் கீழே ஏழு வரி.

பல் டாக்டர் ஜெயித்துவிட்டார். கொஞ்சம் ஓட்டில்தான். அண்ணியால் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர் எனக்குப் பூங்கொத்து அனுப்பினார். வார்டில் ஒரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டேன்.

மாதர் சங்கத்தில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. அன்றைக்கு எனக்கு முன்னால் பேசிய கிழட்டு டாக்டர் மட்டும் அந்த ஏழு வரியைப் படித்துவிட்டு போன் செய்தார். அந்தப் பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டார். இருபத்தாறு என்றேன். சொன்ன பிறகுதான் அழுதேன். நான் இப்போது அவளைவிட மூத்தவள்.

போட்டோவைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். இதில் அவள் சிரிக்கிறாள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள், உங்களையா?

உங்கள் மேல் கோபம் போகவில்லை. ஆனால் நீங்கள் கடிதம் போடாமல் இருந்துவிடாதீர்கள். இருதயமேரியிடம் சொன்னீர்களா? அதைத்தான் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தை எழுதச் சொன்னவள் நான்.

டோரதி

மேலப்புதூர்
21 நவம்பர் 1968

அன்புள்ள டோரதிக்கு,

என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள். கல்யாணமான புதிதில் ஸ்டூடியோக்காரர் துணி மூடிய காமிராவை என் தலையில் இடித்துவிட்டார்.

சபைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்டார்கள், சொன்னேன். சிலர் நம்பவில்லை. மனைவி போன துக்கத்தில் சார் என்னவோ பேசுகிறார் என்கிறார்கள். பத்து வருஷம் கழித்தா துக்கம் வரும்? பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னேன். சாமியார் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "உன் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கல்வேலை செய்யும் சேக் மைதீனைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். "எடுத்தா பள்ளமாத் தெரியும் சார். வேற என்ன எழுதட்டும்?" என்றார். ஒன்றும் வேண்டாம், பேரும் தேதியும் போதும் என்றேன். உண்மையை எழுதலாமே என்று நீ கேட்பாய். எழுதத் துணிச்சல் வரவில்லை. எடுக்கத்தான் வந்தது.

இரண்டாம் தேதி பிள்ளைகளோடு போனேன். பையன்கள் மெழுகுவர்த்தி ஏற்றப் போய்விட்டார்கள். இருதயமேரி கல்லைப் பார்த்ததும், "எழுத்து எங்கப்பா?" என்றாள். அங்கேயே உட்கார்ந்து சொன்னேன். டாக்டரம்மா, தாள், கோவிலில் பின் வரிசை, பருப்புச் சட்டி, எல்லாம் அவளுக்குப் புரியும்படி. நடுவில் எழுந்து ஓடிவிடுவாள் என்று பயந்தேன். ஓடவில்லை. செவந்திப் பூவை ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

முடிந்ததும் கேட்டாள், "அம்மா வேணாம்னது என்னையாப்பா, சாவையா?"

"சாவைத்தாம்மா. அப்போ உன்னை அவ பார்க்கவே இல்லையே. பார்த்த ரெண்டு நாளும் உன்னைக் கீழ விடல" என்றேன். இது உண்மை டோரதி, இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. பிறந்த குழந்தையைத் தொட்டிலில் போட விடாமல் நெஞ்சிலேயே வைத்திருந்தாள். நர்ஸம்மா எடுக்க வந்தபோதும் கொடுக்கவில்லை.

இருதயமேரி அதைக் கேட்டுக்கொண்டாள். சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன். கேட் வரை வந்தவள் என் கையைப் பிடித்து நிறுத்தி, "அம்மா அத்தன தடவ கேட்டாங்களே, நீங்க ஏம்ப்பா கையெழுத்துப் போடல?" என்றாள்.

நான் போட்டிருந்தால் இதைக் கேட்க அவள் இருந்திருக்கமாட்டாள். அது அவளுக்குத் தெரியும், பத்து வயதாகிறது, புரியாதவள் இல்லை. தெரிந்துதான் கேட்டாள். அம்மாவுக்காக என்னிடம் கேட்க இந்த ஊரில் ஒருவரும் வரவில்லை, பத்து வருஷம் கழித்து இவள் வந்திருக்கிறாள்.

கேட்டைச் சாத்தினேன். வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்று வாரம் ஆகப்போகிறது. தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது சைக்கிள் பக்கத்தில் நின்று ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்க்கிறாள், பிறகு போகிறாள். என்ன சொல்வது என்று உனக்குத் தெரிந்தால் எழுது, டோரதி. அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உன் அண்ணன்,
சவரிநாதன்